வாத்திமார் நடத்திய காங்கிரஸ்

1931 மே 4ஆம் தேதி இலங்கையின் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நான்கு தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருந்தன: யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை. நான்கில் எதற்கும் ஒரு மனுவும் வரவில்லை. 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்த தேர்தல் அது. ஆசியாவில் அப்படி நடந்தவற்றுள் மிக முந்தியது. அதற்கு முன் தீவின் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. வாராது வந்த அந்த உரிமையை ஒரு பிரதேசம் முழுவதும் வேண்டாம் என்று தள்ளிவைத்தது. தள்ளிவைக்கச் செய்தவர்கள் கட்சிக்காரர்களோ நிலப்பிரபுக்களோ அல்லர். பள்ளிக்கூட வாத்திமாரும், அவர்களிடம் படித்துவிட்டு வெளியே வந்திருந்த இளைஞர்களும்தான்.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாளில் தொடங்கி இந்த நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். பகிஷ்காரம் சரியா பிழையா என்ற வழக்கு தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழக்கின் இரைச்சலில், அவ்வியக்கம் ஏழு ஆண்டுகள் செய்துவந்த வேறொரு வேலை காதில் விழாமல் போய்விட்டது. தம் ஊருக்கு என்ன தேவை என்று இளைஞர்கள் கூடிப் பேசி, பட்டியல் போட்டு, அதில் எது தம் கைக்கு எட்டும் என்று பார்த்து இறங்கிய வேலை அது. எட்டியது ஏன் எட்டியது, எட்டாதது ஏன் எட்டவில்லை என்பதுதான் பகிஷ்காரத்தைக் காட்டிலும் நமக்கு அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

1924இல் இது மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் பிறந்தது. வாலிபர் காங்கிரஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. உயிர்நாடியாக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்தவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர், கதர் உடுத்த காந்தி பக்தர். முதல் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜே. வி. செல்லையாவும் அதே கல்லூரி ஆசிரியர்தான். பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்று இலக்கியக்காரர் அவரை அறிவார்கள். பின்னாளில் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராகப் பேர்பெற்ற ஒறேற்றர் சுப்பிரமணியம், கல்வியாளர் கே. நேசையா, தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக வந்த சபாபதி குலேந்திரன், செனட்டராகவும் வழக்கறிஞராகவும் விளங்கிய எஸ். நடேசன் என்று அந்த வட்டம் விரிகிறது. பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் துலங்கும். பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். கிறிஸ்தவரும் சைவரும் அதில் கலந்திருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அப்படியில்லை. அமெரிக்க மிஷனார் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியபின், ஆறுமுக நாவலர் அதற்கு எதிராகச் சைவப் பள்ளிகளை நிறுவத் தொடங்கியது முதல், குடாநாட்டின் பல ஊர்களில் இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று மிஷனுடையது, மற்றது சைவர்களுடையது. பிள்ளை எங்கே படித்தது என்பது குடும்பத்தின் மானப் பிரச்சினை. அந்தப் போட்டியால் ஊர்கள் பிளவுபட்டன. அதே போட்டியால்தான் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக முளைத்தன, ஆசிரியர் தொகையும் பெருகியது. சண்டையின் விளைச்சலாக வந்த இந்த ஆசிரியர்களே சண்டையை விட்டுவிட்டு ஒரே மேடையில் ஏறினார்கள். யாழ்ப்பாண வரலாற்றில் இதைப் போதிய அளவு வியந்தவர்கள் குறைவு.

ஏன் ஆசிரியர்கள்? அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் அரசியல் மேடை ஏற முடியாது. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்தான் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்க வேண்டியவன். உதவி நன்கொடை பெறும் பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்கப் பணத்திலிருந்து வந்தாலும், அவர் அரசாங்க ஊழியர் அல்லர். அவருக்கு மேலே முகாமையாளர் ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். முகாமையாளர் கொஞ்சம் தாராள மனசுக்காரராக இருந்துவிட்டால் ஆசிரியருக்குப் பேச இடம் கிடைக்கும். பேச இடமும், படித்த மூளையும், விடுமுறை நாட்களும், சொன்னதைக் கேட்க ஒரு வகுப்பு நிறையப் பையன்களும் ஒருவருக்கு ஒருசேர வாய்க்கிற வேறு தொழில் அன்றைய குடாநாட்டில் இருக்கவில்லை.

காங்கிரஸின் மாநாட்டுத் தீர்மானங்கள் ஒரு சமூகத்தின் தேவைப் பட்டியலாகவே இருந்தன. சாதிக் கொடுமை ஒழிய வேண்டும். தாய்மொழிக்குப் பள்ளியில் உரிய இடம் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டும். உள்ளூர்க் கைத்தொழிலை ஆதரிக்க வேண்டும். கோட்டும் தொப்பியும் போய்த் தேசிய உடை வர வேண்டும். மதுவிலக்கு வேண்டும். இவற்றோடு சுயராச்சியம். சாதி, இன, மத வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை அவர்கள் ஏற்கவில்லை. தீவு முழுவதும் ஒரே நாடு, ஒரே குடிமக்கள் என்பது கொள்கை.

பட்டியலில் கதர் இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தின் விளைபொருள் புகையிலையும் பனையும். பருத்தி இல்லாத மண்ணில் சுதேசித் துணி என்றால் அது இந்தியாவிலிருந்து வந்த துணிதான். இதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். கதர் அவர்களுக்கு நூலாக அல்ல, ஓர் அடையாளமாகவே வேண்டியிருந்தது. மதுவிலக்கு அப்படி எளிதில் தட்டிவிடக்கூடியதல்ல. கள்ளுக்காகப் பனை ஏறியவர்கள் நளவரும் பள்ளரும். தவறணையை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில். கருப்பணி இறக்கிப் பனங்கட்டி காய்ச்சிப் பிழைக்கலாம் என்று மேடையில் சொல்லலாம். கள்ளில் கிடைத்த காசு பனங்கட்டியில் கிடைக்காது. சாதி ஒழிப்பையும் மதுவிலக்கையும் ஒரே மூச்சில் நிறைவேற்றியவர்களுக்கு, இரண்டாவது தீர்மானம் முதல் தீர்மானத்துக்கு உரியவர்களின் வயிற்றில் அடிக்கும் என்பது உறைத்ததாகத் தெரியவில்லை. தேவையைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இனி, அவர்கள் உண்மையில் அசைத்த இடத்துக்கு வருவோம்.

அக்காலத்து யாழ்ப்பாணப் பள்ளிக்கூடம் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். கிடுகு வேய்ந்த கொட்டில், அரைச்சுவர், சாணி மெழுகிய நிலம். வேளாளப் பிள்ளைகளும் அவர்களுக்கு ஒத்த சாதிப் பிள்ளைகளும் வாங்கில் இருப்பார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையை ஆசிரியர் சேர்த்துக்கொண்டிருந்தால், அது பெரிய மனசு. அந்தப் பிள்ளை தரையில் இருக்கும். சில இடங்களில் வகுப்புக்கு உள்ளே கூட அல்ல, வெளித் திண்ணையில். இடாப்பில் அதன் பெயரும் இருக்கும், வரவும் போடப்படும். பரிசோதகர் வந்தால் அதே பாடத்தைத்தான் கேட்பார். வாங்கு மட்டும் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் வேறு சாதிப் பிள்ளை யாராவது ஊற்ற வேண்டும். கிணற்றுக் கட்டில் கை வைக்க முடியாது.

சம ஆசனம், சம போசனம் என்ற இரண்டு சொற்கள் 1920களின் இறுதியில் குடாநாட்டைக் கலக்கின. முதலாவது வகுப்பறைக்கு, இரண்டாவது விடுதிச் சாப்பாட்டுப் பந்திக்கு. உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சரியாசனத்தில் இருக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் வலியுறுத்தத் தொடங்கியது. மாணவர் காங்கிரஸ் அதன் பின்னால் முழுப் பலத்தோடு நின்றது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மேலிடத்துக்கு மனுக்கள் பறந்தன. சில ஊர்களில் பள்ளிக்கூடக் கொட்டில்களுக்கு இரவில் தீ வைத்தார்கள். சைவப் பெரியோர் என்று மதிக்கப்பட்டவர்கள் பலர், இது சமயாசாரத்தில் அந்நிய அரசு கை வைப்பது என்று வாதித்தார்கள். முந்திய நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளுக்கு எதிராகத் தீட்டிய அதே ஆயுதம்தான், இம்முறை இலக்கு மட்டும் வேறு.

ஆனாலும் சரியாசனம் வந்தது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் அல்ல. வந்தபின் திரும்பிப் போகாத வகையில் வந்தது. காரணத்தை ஆசிரியர்களின் மனச்சாட்சியில் மட்டும் தேடினால் கிடைக்காது. பள்ளியின் கணக்குப் புத்தகத்திலும் தேட வேண்டும். முகாமையாளர் எவ்வளவு வைதீகராக இருந்தாலும் நன்கொடை நின்றுபோனால் பள்ளியை நடத்த முடியாது. நன்கொடைக்கு இடாப்பும் பரிசோதகர் அறிக்கையும் வேண்டும். விதியை மீறினால் பணம் போகும். எதிர்ப்பவர்கள் கூடித் தங்கள் செலவில் வேறு பள்ளி நடத்தலாம், ஆனால் அதற்கு ஊரில் பசையுள்ளவர்கள் கையை அவிழ்க்க வேண்டும். வெளியே திணைக்களத்தின் பிடி, உள்ளே அந்த விதியை மனமார விரும்பிச் செயல்படுத்த ஆயத்தமாக இருந்த ஓர் ஆசிரியர். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் மற்றது வீணாகியிருக்கும். திணைக்களச் சுற்றறிக்கைகள் எத்தனையோ வந்து இலாச்சியில் தூங்கியிருக்கின்றன. இதைத் தூங்கவிடாதவர்கள் காங்கிரஸ்காரர்கள். அவர்கள் வேறு எந்தச் சாதனையும் செய்திராவிட்டாலும் இது ஒன்று போதும் என்பேன்.

இதே பிடி கிணற்றில் இல்லை, கோயிலில் இல்லை, காணியில் இல்லை. கோயில் தனியார் உரிமை அல்லது ஊர்ச் சபையார் உரிமை. அரசாங்கத்திடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. கிணறு காணிக்காரருடையது. குடிமைத் தொழில் செய்தவர்களும் குத்தகைக்கு மண் கொத்தியவர்களும் குடியிருந்ததே வேளாளர் காணியில். வாய் திறந்தால் குடி எழும்ப வேண்டியதுதான். மேற்சட்டை போடக்கூடாது, நகை போடக்கூடாது, செத்தவீட்டுக்குப் பறை அடிக்கக்கூடாது என்ற தடைகளைப் பேணியது எந்தச் சட்டமும் அல்ல, ஊர்க்கட்டும் கொட்டனும்தான். மாணவர் காங்கிரஸ் இவை எல்லாவற்றையும் கண்டித்தது. கண்டனத்துக்கு அப்பால் போக அதற்குக் கருவி இருக்கவில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தக் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் சரியாசனம் கொடுத்த ஆசிரியர் மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய ஐயாவும் அம்மாவும் அதே பழைய ஒழுங்கில்தான் இருந்தார்கள். 1927இலேயே ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் என்ற தனி அமைப்பு தோன்றியதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தமக்காக மற்றவர் பேசுவது நன்றிக்குரியது, ஆனால் போதாது என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் காந்தி வந்தார். இலங்கைக்கு அழைத்து வரும் முயற்சியில் மாணவர் காங்கிரஸ் முன்னின்றது. கதர் நிதிக்காகத் தீவைச் சுற்றிய காந்தி 26ஆம் தேதி யாழ்ப்பாணம் சேர்ந்து 29 வரை தங்கினார். கஸ்தூர்பா, ராஜாஜி, மகாதேவ தேசாய் உடனிருந்தார்கள். அந்தப் பயணத்தைத் தேசாய் பின்னர் நூலாக எழுதினார். காந்தி பேசிய இடங்களைப் பார்த்தால் மறுபடியும் பள்ளிக்கூடங்கள்தான்: மத்திய கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் பள்ளி, இராமநாதன் மகளிர் கல்லூரி. இயக்கத்தின் நிலப்படமே அதுதான். அழைத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வாசல்கள் வழியாகவே அவரைக் கூட்டிப்போனார்கள். தீண்டாமையைப் பற்றி அவர் இந்துக்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார். கேட்டவர்கள் மாலை போட்டு, பணம் கொடுத்து, வீட்டுக்குப் போனார்கள். கோயில் கதவு ஒன்றும் அந்த வாரம் திறக்கவில்லை.

காந்திக்கு ஓராண்டு முன்பு வந்த மற்றொரு விருந்தாளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1926 ஜூலையில் மாணவர் காங்கிரஸின் அழைப்பில் யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார். பொருள் சமஷ்டி. இலங்கையின் அரசியல் சிக்கலுக்கு அதுவே தீர்வு என்பது அவருடைய வாதம். கேட்டுக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிரதேசத்துக்கு ஒரு தனி அதிகாரம் என்பது அவர்களுக்குப் பின்னோக்கிய யோசனையாகப் பட்டது. அவர்கள் வேண்டியது பிரிக்கப்படாத இலங்கைக்கு முழுச் சுயாட்சி. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தமிழர்கள். தெற்கோடு இந்த இயக்கம் வைத்திருந்த உறவு வெறும் மேடைப் பேச்சு அல்ல. கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் பி. டி. எஸ். குலரத்னவை அழைத்து ஆண்டு மாநாடொன்றுக்குத் தலைமை தாங்கச் செய்தார்கள். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த சுவாமி விபுலானந்தரும் ஒரு மாநாட்டுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். சிங்களம் படியுங்கள் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்களை, சொன்ன காலத்தில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்படி ஊர்த் தேவைகளில் கால் ஊன்றி நின்ற இயக்கம், 1931இல் ஒரே எட்டில் தேசிய அரசியலுக்குத் தாவியது. அவ்வாண்டுத் தேர்தலைக் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. சர்வசன வாக்குரிமை தந்தது. இரண்டும் காங்கிரஸ் விரும்பியவைதாம். ஆனால் ஆளுநரின் அதிகாரம் அப்படியே இருந்தது. நிதியும் நீதியும் சபைக்குப் பொறுப்பில்லாத அதிகாரிகளிடம் விடப்பட்டன. இந்தியாவில் உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்த சூடு. 1931 ஏப்ரலில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்தார். சுயராச்சியம் அன்றி வேறெதுவும் வேண்டாம், தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்று தீர்மானமாயிற்று. (முழுக்க ஆண்களே நடத்திய ஓர் இயக்கம், தன் வரலாற்றின் உச்சநாளில் ஒரு பெண்ணின் தலைமையில் இருந்தது என்பது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆனால் அந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண் பெயர் எதுவும் அந்தப் பதிவுகளில் எளிதில் அகப்படுவதில்லை.) சில நாட்களில் வேட்பாளர்களாக எண்ணியிருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட ஆசிரியர்களின் சொல்லுக்குப் பெரிய மனிதர்கள் இவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட்டது எப்படி? இங்கேதான் பகிஷ்காரத்தின் உள்ளடக்கம் சிக்கலாகிறது. டொனமூர் திட்டத்தை வெறுத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இரு சாரார். ஒரு சாரார் அது கொடுத்தது போதாது என்றவர்கள். மற்றச் சாரார் அது கொடுத்தது மிதமிஞ்சிப் போய்விட்டது என்றவர்கள். பெண்ணுக்கும் தாழ்ந்த சாதிக்காரனுக்கும் வாக்கா என்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கட்சியின் பெருங்குரல் சர் பொன்னம்பலம் இராமநாதன். 1930 நவம்பரில் அவர் காலமாகியிருந்தாலும் அவர் கருத்துக்காரர்கள் இருந்தார்கள். வகுப்புவாரி ஆசனம் போய்விட்டதே என்று மனம் புழுங்கியவர்களும் இருந்தார்கள். வாலிபர் காங்கிரஸ் ஏற்றிய கொடியின் கீழ் இவர்களும் வந்து நின்றார்கள். வெளியே பார்த்தால் யாழ்ப்பாணம் ஒருமித்து நின்றது போலிருந்தது. உள்ளே இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் ஒரே வேட்புமனுவைத் தடுத்துக்கொண்டிருந்தன. பின்னாளில் சிலர் பகிஷ்காரம் முழுவதையுமே வகுப்புவாதம் என்று தள்ளினார்கள். காங்கிரஸின் தீர்மானங்களைப் படித்தவர் அப்படிச் சொல்ல முடியாது. காங்கிரஸ் தன் கூட்டாளிகளைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது வேறு குற்றச்சாட்டு, அது நிற்கும்.

தெற்கில் பாராட்டு வந்தது, பின்தொடர்ந்தவர் இல்லை. சிங்களத் தலைவர்கள் தேர்தலில் நின்று சபைக்குப் போனார்கள். வடக்கிலேயே மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்கரிக்கவில்லை. கிழக்கும் அவ்வாறே. குடாநாட்டின் பள்ளிக்கூடங்கள் எங்கே முடிந்தனவோ அங்கே காங்கிரஸின் செல்வாக்கும் முடிந்தது. வன்னியில் குளத்தை நம்பி வயல் செய்தவனுக்கு வட்டுக்கோட்டை ஆசிரியரின் தீர்மானம் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

இழப்பு இரண்டு. ஒன்று: சரியாசனத்துக்காகக் காங்கிரஸ் யாருடைய பிள்ளைகளுக்குப் பரிந்து நின்றதோ, அவர்களுடைய தாய் தகப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குப்போடக் கிடைத்த வாய்ப்பு அந்தத் தீர்மானத்தால் தள்ளிப்போனது. ஒரு வேட்பாளராவது அவர்கள் குடிசை வாசலுக்கு வந்து கைகூப்பியிருப்பான், அதுவும் நடக்கவில்லை. மற்றது இன்னும் நேரடியானது. புதிய சபையில் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரி. கல்விக் குழுவின் தலைவராக வந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. இலவசக் கல்விக்கு வழி வகுத்த அறிக்கை அவர் தலைமையில் 1943இல் வெளிவந்தது. நன்கொடை, முகாமையாளர், போதனாமொழி என்று காங்கிரஸ் அக்கறை கொண்ட அத்தனையும் அக்குழுவின் மேசையில் கிடந்தன. தொடக்க ஆண்டுகளில் அந்த மேசையைச் சுற்றிக் குடாநாட்டின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. தீவிலேயே பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் யோசித்த இளைஞர் கூட்டம், பள்ளிக்கூடத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்குத் தானும் போகவில்லை, பிறரையும் போகவிடவில்லை.

1934இல் இடைத்தேர்தல் நடந்து நான்கு ஆசனங்களும் நிரம்பின. 1931இல் மன்னாரில் நின்று தோற்ற ஜி. ஜி. பொன்னம்பலம் இம்முறை பருத்தித்துறையில் வென்றார். 1936இல் மந்திரிசபை முழுவதும் சிங்களவராக அமைந்தது. சபை ஆசனங்களில் பாதி சிறுபான்மையினருக்கு என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை எழுந்தது. காங்கிரஸ்காரர்கள் அதை எதிர்த்தார்கள், கேட்க ஆளில்லை. அவர்களிற் சிலர் 1935இல் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சியின் பக்கம் போனார்கள், சிலர் சட்டத்துறைக்கு, பலர் பள்ளிக்கே திரும்பினார்கள். பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்று பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். 1949இலிருந்து பத்தாண்டுக்கு மேல் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து அப்பள்ளியை உயர்த்தினார். 1977 டிசம்பரில் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு, அவர் இளமையில் ஒன்றுபட்ட இலங்கைக்காகப் பேசிய அதே வட்டுக்கோட்டைத் தொகுதியில், தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

வாலிபர் காங்கிரஸின் கணக்கை அதன் தலைவர்களின் வாழ்க்கையைக் கொண்டு பார்த்தால் இப்படித்தான் ஒரு தோல்விக் கதை கிடைக்கும். அந்த வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகளைக் கொண்டு பார்த்தால் வேறொன்று கிடைக்கிறது. டொமினிக் ஜீவா 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். சிகை அலங்கரிக்கும் தொழிலாளர் குடும்பம். கே. டானியல் 1926. இருவரும் பள்ளிக்குப் போனது சரியாசனம் விதியாகிவிட்ட முப்பதுகளில். வாங்கு கிடைத்தது. ஆனால் ஆசிரியர் ஒருவர் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசியதில் பள்ளியை விட்டு வெளியேறியதாக ஜீவா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆசனத்தைச் சுற்றறிக்கையால் மாற்றலாம். வாத்தியாரின் வாயை மாற்ற எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. எல்லா ஆசிரியரும் காங்கிரஸ்காரர் அல்லர் என்பதைப் பிள்ளைகள் தலைவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். டானியலும் இளமையிலேயே படிப்பை விட்டவர்தான். ஒருவர் சலூனில் இருந்தபடியே மல்லிகை என்ற சஞ்சிகையை 1966இல் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். மற்றவர் பஞ்சமர் வாழ்வை நாவல்களாக எழுதினார். எழுதப் படிக்கத் தந்தது அந்தப் பள்ளிதான். எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதைத் தந்ததும் அதே பள்ளிதான்.

கிணறும் கோயிலும் தேநீர்க் கடையும் இன்னொரு தலைமுறைக்குக் காத்திருந்தன. 1940களில் வட இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவாகி, ஒடுக்கப்பட்டவர்களே தங்கள் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடைகளும் உணவகங்களும் கோயில்களும் சாதி பார்த்து விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதாவது பள்ளிக்கு நன்கொடை விதி செய்த வேலையைச் செய்ய, மற்ற இடங்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தேநீர் சிரட்டையிலும் போத்தலிலும்தான் வந்துகொண்டிருந்தது. 1966 அக்டோபர் 21ஆம் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் தடியடியையும் மீறி அது போனது. அதிலிருந்து கிளைத்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க் கடைகளைத் திறக்கச் செய்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் போராடியது. அதை அமைத்து நடத்தியவர்களில் டானியலும் ஒருவர். ஊர்வலத்தில் வந்தவர்களில் பட்டதாரி ஆசிரியர்களைக் காட்டிலும் கூலிவேலைக்காரரும் மரமேறிகளுமே அதிகம். ஒறேற்றர் சுப்பிரமணியம் அதிபராக இருந்து வளர்த்த ஸ்கந்தவரோதயக் கல்லூரியும் அந்தச் சுன்னாகத்தில்தான் இருக்கிறது.